ஒரே கோயிலில் ஆட்டமும் அறிதுயிலும்... சிதம்பரம் சொல்லித்தரும் யோகா பாடம்!

சிதம்பரத்துக்குப் போகிறவர்களில் பலர் மூன்று விஷயங்களுக்காகப் போகிறார்கள். நடராஜர் தரிசனம், பிச்சாவரம் படகு சவாரி, சம்பா சாதத்தோடு கத்தரிக்காய் கொத்சு. காலையில் ரயிலைவிட்டு இறங்கினால், மூன்றையும் முடித்துவிட்டு இரவு ரயிலைப் பிடித்துவிடலாம்.

அந்த ஊரில் நான்காவதாக ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் பாயை விரித்து ஆசனம் செய்பவர்கள், யூடியூப் பார்த்து யோகா கற்றுக்கொள்பவர்கள், 'யோகா ஆரம்பிச்சேன், இடுப்பு பிடிச்சுக்கிச்சு' என்று பாதியில் விட்டவர்கள் எல்லாருக்கும் சேதி வைத்திருக்கிற ஊர் இது. யோக சூத்திரத்தை எழுதியவராகச் சொல்லப்படும் பதஞ்சலி முனிவரின் ஊராகத் தலபுராணம் சொல்வது தில்லையைத்தான்.

எவ்வளவு முயல வேண்டும், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும்? யோகா வகுப்பில் மட்டுமல்ல, அடுப்படியிலும் அலுவலகத்திலும் நம்மைத் துரத்தும் கேள்வி இது. இதற்கான பதிலைக் கல்லிலும் பொன்னிலும் செய்து வைத்ததுபோல நிற்கிறது இந்தக் கோயில்.

கால் பதித்து, முகம் மலர்ந்து...

சிற்சபையில் தெற்கு நோக்கி ஆடுகிறார் நடராஜர். வலது கால் முயலகன்மேல் ஊன்றியிருக்கிறது. இடது கால் தூக்கியிருக்கிறது. ஒரு கையில் உடுக்கை, ஒரு கையில் தீ. ஒரு கை அபயம் காட்டுகிறது, இன்னொன்று தூக்கிய திருவடியைச் சுட்டுகிறது.

கூட்டம் அதிகமில்லாத நாளில் போனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சிற்சபைக்குள் அலங்காரத்தில் தெரியவில்லை என்றால், வீட்டிலிருக்கும் சிறிய நடராஜர் சிலையில்கூடப் பார்க்கலாம்.

முதலாவது, ஊன்றிய காலின் முழங்கால். அது விறைத்து நீட்டிக்கொண்டு நிற்கவில்லை, லேசாக மடங்கியிருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும். முழங்காலைப் பூட்டுப் போட்டதுபோல விறைத்துக்கொண்டால் சின்ன அசைவுக்கும் உடல் ஆடிப்போகும். கொஞ்சம் மடங்கிய கால், அசைவை வாங்கிக்கொண்டு சமாளிக்கும்.

இரண்டாவது, முகம். சடை விரிந்து பறக்கிறது, உடல் முழுக்க வேகம் இருக்கிறது. ஆனால் முகத்தில் ஒரு துளி சிரமம் இல்லை. பல்லைக் கடிக்கவில்லை, புருவத்தைச் சுருக்கவில்லை. மெல்லிய சிரிப்பு மட்டும்.

அனுபவமுள்ள யோகா ஆசிரியர்கள் வகுப்பில் நடந்துபோகும்போது மாணவர்களின் கையையோ காலையோ மட்டும் பார்ப்பதில்லை, முகத்தையும் பார்க்கிறார்கள். கை தரையைத் தொட்டிருக்கும். முகமோ எலுமிச்சம்பழத்தைக் கடித்ததுபோல இருக்கும். அப்படியானால் அந்த ஆசனம் இன்னும் வரவில்லை என்றுதான் கணக்கு.

இடது பக்கம் திரும்பினால்...

நடராஜரைப் பார்த்தபடி நிற்கும் அதே இடத்தில், அப்படியே இடது பக்கம் திரும்புங்கள். அங்கே கிழக்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார் கோவிந்தராஜப் பெருமாள். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான தில்லைத் திருச்சித்திரகூடம் இதுதான். நின்ற இடத்திலிருந்தே சிவனையும் பெருமாளையும் தரிசிக்கலாம் என்பது சிதம்பரத்தின் தனிச் சிறப்பு.

ஒருவர் ஓயாமல் ஆடுகிறார். இன்னொருவர் நிம்மதியாகச் சாய்ந்திருக்கிறார். வைணவ மரபு பெருமாளின் இந்தக் கிடையை வெறும் தூக்கமாகச் சொல்வதில்லை. 'அறிதுயில்' என்கிறது. உடல் தளர்ந்திருக்க, அறிவு விழித்திருக்கும் நிலை. ஆடுபவரின் முகத்தில் அமைதி, படுத்திருப்பவரிடம் விழிப்பு. முயற்சிக்குள் ஓய்வும் ஓய்வுக்குள் கவனமும் இருக்கின்றன.

நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வேலை செய்யும்போது முழு இறுக்கம். ஓய்வெடுக்கும்போது முழு மந்தம். நாள் முழுக்க ஓடிவிட்டு இரவில் கட்டிலில் படுத்து ஒன்றரை மணி நேரம் ரீல்ஸ் தள்ளுகிறோம். காலையில் எழுந்தால் அதே அசதி. ஓடியபோது ஓய்வும் இல்லை, படுத்தபோது கவனமும் இல்லை.

பாம்பு கேட்ட விடுமுறை

இந்த இரண்டு சந்நிதிகளையும் இணைப்பவர் பதஞ்சலி. தலபுராணக் கதை சுவையானது.

பாற்கடலில் ஆதிசேஷன்மேல் பள்ளிகொண்டிருந்த திருமால், ஒருநாள் சிவபெருமானின் ஆனந்த நடனத்தை நினைத்து மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியில் அவரது திருமேனி கனத்தது. தாங்கிக்கொண்டிருந்த ஆதிசேஷனுக்கு வியப்பு. காரணம் கேட்டார். திருமால் சொன்னார். கேட்ட ஆதிசேஷனுக்கும் அந்த நடனத்தைப் பார்க்க ஆசை வந்துவிட்டது. விடைபெற்றுக்கொண்டு பூமிக்கு வந்து, கூப்பிய கைகளில் வந்து விழுந்ததால் 'பதஞ்சலி' என்று பெயர் பெற்றார் என்கிறது புராணம்.

தில்லையில் அவருக்கு ஒரு துணை. வியாக்கிரபாதர் எனும் புலிக்கால் முனிவர். வண்டு தொடாத பூவைப் பறித்துப் பூஜிக்க வேண்டும் என்பதற்காக, விடியுமுன் மரமேறப் புலியின் கால்களை வரமாகக் கேட்டு வாங்கியவர். சிதம்பரத்துக்குப் 'பெரும்பற்றப்புலியூர்' என்ற பெயர் அவரால்தான். மரமேறிப் பறித்தவர் ஒருவர். மெத்தையாகக் கிடந்து தாங்கியவர் இன்னொருவர். ஆனந்த நடனத்தை இருவரும் சேர்ந்தே கண்டார்கள். நடராஜரின் இருபுறமும் இவர்களைக் கைகூப்பிய நிலையில் வைத்துச் சிலை வடிப்பது இன்றைக்கும் வழக்கம்.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி எந்தக் காலத்தவர், இலக்கணம் எழுதிய பதஞ்சலியும் அவரும் ஒருவரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. தில்லை மரபில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. நகரத்தில் இருக்கும் அனந்தீஸ்வரன் கோயில், பதஞ்சலி வழிபட்ட தலமாகவே போற்றப்படுகிறது.

மூன்றே வரிகள்

யோக சூத்திரம் பெரிய நூல் அல்ல. பதிப்பைப் பொறுத்து 195 அல்லது 196 சூத்திரங்கள். யோகா என்றதும் நம் மனதுக்கு வருவது வளைந்து நெளியும் ஆசனங்கள்தான் என்பதால், இதில் பாதியாவது ஆசனம் பற்றி இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். நேரடியாக ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றே மூன்று. ஒரு ஆசனத்தின் பெயர்கூட அதில் கிடையாது.

முதல் சூத்திரம், ஆசனத்துக்கு இரண்டு குணங்களைச் சொல்கிறது. ஸ்திரம், சுகம். அதாவது உறுதியும் இதமும். இரண்டில் ஒன்று போதும் என்று சொல்லவில்லை, ஒன்று முடிந்தபின் அடுத்தது என்றும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த சூத்திரம் அதற்கு வழி சொல்கிறது. முயற்சியின் இறுக்கத்தைத் தளர்த்துவதும், 'அனந்தம்' என்ற எல்லையில்லாத ஒன்றில் மனதைப் பொருத்துவதும்தான் வழி. இங்கேதான் தில்லைக் கதை வந்து கைகோக்கிறது. அனந்தன் என்பது ஆதிசேஷனின் இன்னொரு பெயர். பழைய உரைகளில் பூமியைத் தாங்கும் அந்த நாகத்தையே இந்தச் சொல்லுக்குப் பொருளாகக் கொண்ட உரையும் உண்டு. உலகத்தின் பாரத்தை அசையாமல் தாங்குவதும் அதே பாம்புதான். பெருமாளுக்கு மெத்தையாக மென்மையாய்க் கிடப்பதும் அதே பாம்புதான். உறுதிக்கும் இதத்துக்கும் இதைவிடப் பொருத்தமான உருவத்தைத் தேடினாலும் கிடைக்காது.

மூன்றாவது சூத்திரம் பலனைச் சொல்கிறது. அப்படி அமர்ந்தவரைக் குளிர், வெயில் போன்ற இரட்டைகள் அலைக்கழிப்பதில்லை.

'சுகம்' என்ற சொல்லுக்கு அழகான ஒரு விளக்கமும் உண்டு. 'சு' என்றால் நல்ல. 'க' என்றால் வெளி, துளை. வண்டிச் சக்கரத்தின் நடுவில் அச்சு நுழையும் துளை சரியாக அமைந்தால் வண்டி சுகமாக ஓடும் என்பதிலிருந்து இந்தச் சொல் வந்ததாகச் சொல்வார்கள். துளை இறுக்கமாக இருந்தால் சக்கரம் சுற்றாது. தளர்வாக இருந்தால் கடகடவென்று ஆடும். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் நடராஜரே தேரேறி வீதிவலம் வரும் ஊரில், சக்கரத்துக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

21,600 ஓடுகளும் உங்கள் மூச்சும்

சிற்சபையின் பொற்கூரையை அண்ணாந்து பார்க்காமல் வருபவர்கள் இருக்க மாட்டார்கள். அதில் 21,600 பொன் ஓடுகள் வேயப்பட்டிருப்பதாகவும், அவை மனிதர் ஒருநாளில் விடும் மூச்சுகளின் எண்ணிக்கை என்றும் மரபு சொல்கிறது. அடித்திருக்கும் 72,000 ஆணிகள் உடலின் நாடிகளாம். மேலே உள்ள ஒன்பது கலசங்கள் உடலின் ஒன்பது வாசல்கள்.

இந்த மூச்சுக் கணக்கை ஒரு நிமிடத்தில் சரிபார்க்கலாம். நிமிடத்துக்கு 15 மூச்சு. மணிக்கு 900. ஒருநாளைக்கு 21,600. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை இயல்பு என்கிறது மருத்துவம். கூரை சொல்லும் எண்ணிக்கை அந்த வரம்புக்குள்ளேயே நிற்கிறது.

முயற்சியும் தளர்வும் சமமாக இருக்கின்றனவா என்று காட்டும் அளவுகோல் இந்த மூச்சுதான். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் சுருங்குகிறது, அது உழைப்பு. சாதாரணமாக மூச்சை விடும்போது அது தளர்ந்து மேலெழுகிறது, அது ஓய்வு. இதயத் துடிப்பும் இந்தத் தாளத்துக்கு இசைகிறது. உள்ளிழுக்கையில் சற்று வேகமாகவும் வெளிவிடுகையில் சற்று நிதானமாகவும் துடிக்கிறது. மெதுவாக, நீளமாக மூச்சை வெளியே விட்டால் பதற்றம் குறைவதற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்தில் உடலை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலம் முன்னுக்கு வருகிறது.

ஆசனம் செய்யும்போது மூச்சு தானாக நின்றுபோனாலோ, புஸ்புஸ் என்று இரைத்தாலோ எல்லை தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். பக்கத்துப் பாயில் இருப்பவர் நெற்றியால் முழங்காலைத் தொட்டாலும் சரி, உங்கள் மூச்சு எங்கே தடுமாறுகிறதோ அதற்குக் கொஞ்சம் முன்னால் நில்லுங்கள்.

கோபுர வாசலில் 108 அசைவுகள்

கோயிலின் ஏழு நிலைக் கோபுர வாயில்களில் நுழையும்போது கால்களை வேகமாக எடுத்துவைக்காதீர்கள். உட்சுவர்களில் வரிசையாகச் சின்னச் சின்ன நடனச் சிற்பங்கள் இருக்கின்றன. பரதரின் நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் 81 கரணங்களோடு வேலை நின்றுவிட்டது. இங்கே முழுமையாகப் பார்க்கலாம்.

சில சிற்பங்களைப் பார்த்தால் யோகாசனமோ என்று தோன்றும். கால் தலைக்குமேல் போயிருக்கும், முதுகு வில்லாக வளைந்திருக்கும். ஆனால் கரணம் என்பது நின்றுபோன நிலை அல்ல, அது ஓர் அசைவு என்று வலியுறுத்தியவர் நடனக் கலைஞரும் ஆய்வாளருமான பத்மா சுப்ரமணியம். கரணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர் அவர். கல்லில் நாம் பார்ப்பது ஓர் அசைவின் ஒரு நொடி மட்டுமே.

ஆசனத்துக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். போட்டோவில் தெரிவது கடைசி நிலை மட்டும். அதற்குள் எப்படிப் போவது, எப்படி வெளியே வருவது என்பதில்தான் பாதி யோகா இருக்கிறது. போட்டோவைப் பார்த்து, அந்தக் கடைசி நிலைக்கு ஒரேயடியாக உடலைத் தள்ளும்போதுதான் தசை பிடிக்கிறது, முதுகு சண்டை போடுகிறது.

நம் காலத்தில் யோகாவை உலகத்துக்குக் கொண்டுசென்ற ஆசிரியர் டி.கிருஷ்ணமாச்சாரியார் (1888 - 1989). மைசூர் அரண்மனையின் ஆதரவில் கற்பித்தவர், பிற்காலத்தில் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பி.கே.எஸ்.ஐயங்காரும் பட்டாபி ஜோயிஸும் அவருடைய மாணவர்கள். அவர் மகன் டி.கே.வி.தேசிகாச்சார் பொறியாளராகப் படித்துவிட்டு, அப்பாவிடம் யோகா கற்றவர். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கினார். ஆசனத்துக்காக மனிதரை வளைக்கக் கூடாது, மனிதருக்காக ஆசனத்தை மாற்ற வேண்டும் என்பதே அவருடைய வழி. வயது, உடல்நிலை, செய்யும் வேலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் பயிற்சி. மூச்சோடு சேர்ந்தே அசைவு.

துடுப்பு சொல்லும் பாடம்

சிதம்பரத்துக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, ஏறக்குறைய 1,100 ஹெக்டேரில் அலையாத்திக் காடு. 1975-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படத்தில் பார்த்த அதே காடு. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தது.

இந்தக் காட்டில் தில்லை மரமும் வளர்கிறது. ஊருக்கே பெயர் கொடுத்த தலமரம் இது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால், படகில் போகும்போது கிளைகளை ஒடிக்காதீர்கள்.

குறுகலான கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் போகும். இரண்டு பக்கமும் மரங்கள் கூரைபோல வளைந்திருக்க, துடுப்பின் சத்தம் மட்டும் கேட்கும்.

"அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை நடை இப்படி வருவீங்க? கை வலிக்காதா?" என்று படகிலிருந்த கல்லூரி மாணவர் கேட்டார்.

"இழுக்குறப்ப மட்டும்தான் தம்பி வேலை. அப்புறம் படகு தானா போகும், அப்ப கையை விட்ருவேன். புதுசா வர்ற பசங்க எந்நேரமும் துடுப்பை இறுக்கிப் புடிச்சுக்கிட்டே இருப்பாங்க. அவங்களுக்குத்தான் கை வீங்கும்" என்றார் படகோட்டி.

அவர் கையைக் கவனித்தால் தெரிகிறது. ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் ஒரு நொடி விரல்கள் தளர்கின்றன. நாள் முழுக்க வரும் அந்தச் சின்னச் சின்ன ஓய்வுகள்தான் மாலைவரை அவரைத் தாங்குகின்றன.

காடும் அதையே செய்கிறது. அலையாத்தி மரங்களின் தாங்கு வேர்கள் சேற்றில் ஊன்றி நிற்கின்றன. ஆனால் அவை மதில் சுவர்போல அடைத்துக்கொண்டு நிற்பதில்லை. ஆயிரக்கணக்கான வேர்களுக்கு இடையே தண்ணீரைப் புகவிட்டு, அதன் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடுகின்றன. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் சேதம் குறைவாக இருந்தது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது.

ஓய்வெடுக்க நேரம் யாருக்கு இருக்கிறது?

இதையெல்லாம் படித்துவிட்டு, "ஓய்வெடு, தளர்ந்து இருன்னு சொல்றது சுலபம். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து மூணு டிபன் பாக்ஸ் கட்டுறவளுக்கு எங்கே நேரம்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி.

பெண்கள் அதிகம் வரும் யோகா வகுப்புகளில் அடிக்கடி நடக்கும் ஒன்று உண்டு. எல்லா ஆசனமும் முடிந்து, கடைசி ஐந்து நிமிடம் சவாசனம் என்றதும் நாலைந்து பேர் பாயைச் சுருட்டுவார்கள். "குக்கர் வைக்கணும்", "பாப்பாவுக்கு வேன் வந்துடும்" என்று கிளம்பிவிடுவார்கள். உழைப்பு முழுவதையும் கொடுத்துவிட்டு, அதன் பலன் உடலில் இறங்கும் நேரத்தில் எழுந்துபோவது வேறு யாருக்காகவோ. உழைத்த தசை வலுப்பெறுவது உழைப்புக்குப் பிந்தைய ஓய்வில்தான் என்பது உடற்கூறு. அந்த ஓய்வை வெட்டிவிட்டால், யோகாவும் நாளின் இன்னொரு வேலையாகிவிடுகிறது.

தில்லைக் கதை இங்கே ஒரு விஷயத்தைக் கண்ணெதிரே காட்டுகிறது. பெருமாள் நிம்மதியாகப் பள்ளிகொள்ள முடிவது, கீழே ஒருவர் தாங்குவதால். ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆதிசேஷன் உண்டு. பெரும்பாலும் அது அம்மா. சில வீடுகளில் மூத்த மகள், சில வீடுகளில் இரண்டு வேலை பார்க்கும் அப்பா. மற்றவர்களின் ஓய்வு முழுக்க அவர்கள் தோள்மேல் இருக்கிறது.

அந்த ஆதிசேஷனுக்கும் நடனம் பார்க்கும் ஆசை வந்தது. கேட்டார். திருமால், 'நீ போனால் எனக்கு யார் மெத்தை?' என்று கேட்கவில்லை. அனுப்பிவைத்தார். அப்படி விடைபெற்று வந்தவர்தான், இறுக்கத்தைத் தளர்த்தும் வித்தையை உலகத்துக்குச் சொன்னார் என்கிறது மரபு.

உங்கள் வீட்டில் ஒருவர் சவாசனத்தில் ஐந்து நிமிடம் நிம்மதியாகப் படுக்க வேண்டும் என்றால், அந்த ஐந்து நிமிடம் குக்கர் விசிலை எண்ணுவதற்கு இன்னொருவர் வேண்டும். ஓய்வு என்பது தனி மனிதரின் மனப்பயிற்சியோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டில் வேலையைப் பங்கு போடுவதும் அதில் சேர்த்தி.

பாயிலும் வீட்டிலும் பழக...

யோகா தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இன்றே செய்து பார்க்க எளிய வழிகள் சில:

முகத்தைக் கவனியுங்கள்: எந்த ஆசனத்திலும் தாடை, புருவம், நாக்கு மூன்றும் தளர்வாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கை, கால் உழைக்கட்டும், முகத்துக்கு அங்கே வேலை இல்லை.

கொஞ்சம் மிச்சம் வையுங்கள்: உங்களால் முடிந்த எல்லைவரை போய்விட்டு, அதிலிருந்து சற்றுப் பின்வாங்கி அங்கே நில்லுங்கள். நிதானமாக ஐந்து மூச்சு விட முடிந்தால் அதுவே உங்கள் இடம்.

வலியைப் பிரித்தறியுங்கள்: தசை நீளும் உணர்வு வேறு, மூட்டிலோ முதுகிலோ சுருக்கென்று குத்தும் வலி வேறு. இரண்டாவது வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். ரத்த அழுத்தம், டிஸ்க் பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.

பிடியைத் தளர்த்துங்கள்: சிக்னலில் வண்டி நிற்கும்போது ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் விரல்களைப் பாருங்கள். நிற்கிற வண்டியை அவ்வளவு அழுத்திப் பிடிக்கத் தேவையில்லை. காய் நறுக்கும்போதும் கீபோர்டில் தட்டும்போதும் இதே கதைதான்.

இப்போதே ஒரு சோதனை: இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் தோள்கள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கின்றனவா? போனைத் தாங்க அவ்வளவு உயரம் வேண்டாம். இறக்கிவிடுங்கள்.

சும்மா கிடப்பதும் பயிற்சியல்ல: தளர்வு என்ற பெயரில் தொய்ந்து உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். முதுகெலும்பு நிமிரட்டும், அதைச் சுற்றியுள்ளவை தளரட்டும்.

அடுப்பைக் குறைக்கும் நேரம்

சிதம்பரம் போய்விட்டுக் கொத்சு சாப்பிடாமல் வரக் கூடாது. கத்தரிக்காயை வதக்கி மசித்து, வறுத்து அரைத்த மல்லி, மிளகாய்ப் பொடியோடு புளி சேர்த்துக் கொதிக்கவிடுகிறார்கள். மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் சம்பா சாதத்துக்கு அதுதான் ஜோடி.

கொத்சுவின் ருசி கடைசிப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. கொதி வந்ததும் தீயைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் அடிப்பிடிக்கும். முதலிலேயே குறைத்துவிட்டால் புளி பச்சை வாசனை அடிக்கும். எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்று சமைப்பவருக்குக் கை தானாகச் சொல்லும். அந்தக் கணக்கை அடுப்பில் வைத்திருப்பவர்கள், தங்கள் உடம்புக்கு மட்டும் எந்நேரமும் தீயைக் கூட்டியே வைத்திருப்பதுதான் வேடிக்கை.

கோயிலுக்கும் இந்தக் கணக்கு உண்டு. நாளுக்கு ஆறு கால பூஜை நடக்கும் நடராஜர் கோயிலில், நண்பகலில் நடை சாத்தி மாலையில் திறக்கிறார்கள். இரவு அர்த்தஜாம பூஜைக்குப் பிறகு பள்ளியறை. ஓயாமல் ஆடுபவர் என்று நாம் போற்றும் தில்லைக் கூத்தனுக்கே ஒவ்வோர் இரவும் பள்ளியறை காத்திருக்கிறது.

பயணக் குறிப்பு

எப்படிச் செல்வது: சென்னை எழும்பூரிலிருந்து விழுப்புரம், கடலூர் வழியாக மயிலாடுதுறை செல்லும் தடத்தில் சிதம்பரம் ரயில் நிலையம் இருக்கிறது. சாலை வழியே புதுச்சேரி, கடலூர் தாண்டி வரலாம்.

எப்போது செல்வது: காலையில் நடை திறந்ததும் சென்றால் நிதானமாகப் பார்க்கலாம். ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை நாட்களில் கூட்டம் அலைமோதும். சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி நடக்கும்.

பார்க்கத் தவறாதவை: கோபுர வாயில்களின் 108 கரணங்கள், பொற்கூரை, நடராஜரையும் கோவிந்தராஜரையும் ஒரே இடத்திலிருந்து தரிசிக்கும் இடம், அனந்தீஸ்வரன் கோயில், பிச்சாவரம்.

ஒரு வேண்டுகோள்: கருவறைப் பகுதியில் படம் எடுக்க அனுமதி இல்லை, போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். தரிசனம் முடிந்ததும் அடுத்த இடத்துக்கு ஓடாமல் சிவகங்கைக் குளத்துப் படியில் பத்து நிமிடம் உட்காருங்கள். குடும்பத்தோடு போயிருந்தால், பைகளையும் குழந்தையையும் அந்தப் பத்து நிமிடம் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் வீட்டு ஆதிசேஷனும் கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்க்கட்டும்!